முகம் தெளிய, பின்னணி கரைய: கமராவைப் புதிதாகக் கையில் எடுத்தவர்களுக்கு

கலியாண ஆல்பத்தில் மணப்பெண்ணின் கண்ணிமை மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரியும். பின்னால் நின்ற சனமும் மண்டபமும் வெறும் நிறங்களாகக் கரைந்து கிடக்கும். கமரா வாங்கியவர்கள் முதலில் எடுக்க ஆசைப்படுவது இப்படி ஒரு படத்தைத்தான். எடுத்துப் பார்த்தால் பின்னால் உள்ள மதில், கொடியில் காயும் உடுப்பு, பிளாஸ்டிக் கதிரை எல்லாம் முகத்துக்கு நிகராகத் தெளிவாக வந்து நிற்கும். உடனே மனம் புது லென்ஸ் வாங்கப் போகும். அதற்கு முன்பு செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. அதற்கு ஒரு சதமும் செலவில்லை. ஆளைப் பின்னணியிலிருந்து பிரித்து முன்னால் கொண்டுவர வேண்டும். தூரம் சரியாக அமைந்தால் கமராவோடு வந்த சாதாரண லென்ஸே நல்ல படம் தரும். தூரம் இல்லாத இடத்தில் விலை கூடிய லென்ஸும் தடுமாறும்.

இந்த விஷயத்தில் இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, அதற்கப்பால் வயல்வெளி. ஆளுக்குப் பின்னால் நூறு மீட்டர் வெட்டை தேடி இங்கே யாரும் அலைய வேண்டியதில்லை.

மங்கல் எப்படி உண்டாகிறது

லென்ஸ் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தை மட்டுமே கூர்மையாகக் காட்டும். அந்தத் தூரத்துக்கு முன்னும் பின்னும் உள்ள ஒவ்வொரு புள்ளியும் சிறு வட்டமாக விரியும். வட்டம் பெரிதானால் பின்னணி கரையும். சிறிதானால் உருவம் தெரியும். அதன் அளவைத் தீர்மானிப்பவை இரண்டே இரண்டு: லென்ஸுக்குள் வெளிச்சத்தை விடும் அப்பெர்ச்சர் துளை எவ்வளவு அகலம், கமராவிலிருந்து ஆள் நிற்கும் தூரத்தோடு ஒப்பிட்டால் ஆளுக்குப் பின்னால் எவ்வளவு வெளி.

துளையின் அகலம் காண்பது சுலபம். லென்ஸில் மி.மீ.இல் எழுதியிருக்கும் குவியத்தூரத்தை, அப்பெர்ச்சரைக் குறிக்கும் எஃப் எண்ணால் வகுத்தால் போதும். 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் வைத்தால் துளை ஏறத்தாழ 28 மி.மீ. கமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸை 55க்குத் தள்ளினால் கிடைக்கும் மிகக் குறைந்த எண் எஃப் 5.6, துளை 10 மி.மீ. அதே லென்ஸை 18இல் வைத்தால் எண் 3.5 வரை இறங்கும், ஆனால் துளை வெறும் 5 மி.மீ.தான். புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். எண் சிறிதானால் மங்கல் கூடும் என்று கேள்விப்பட்டு, 3.5 காட்டுகிறதே என்று லென்ஸை 18இலேயே வைத்து எடுப்பார்கள். கிட் லென்ஸில் எப்போதும் 55 முனைதான் மங்கலுக்கு உரியது. 55-250 லென்ஸை 250க்கு நீட்டினால் எஃப் 5.6இலேயே துளை 45 மி.மீ. ஆகிவிடும், 50 மி.மீ. லென்ஸையும் அது தாண்டிவிடுகிறது.

இனித் தூரம். ஆளுக்கும் பின்னணிக்கும் இடையில் உள்ள தூரத்தை, கமராவுக்கும் பின்னணிக்கும் இடையில் உள்ள தூரத்தால் வகுத்துத் துளையின் அகலத்தோடு பெருக்குங்கள். வருவதுதான் மங்கல் வட்டத்தின் அளவு. ஆளின் முகத்துக்குப் பக்கத்தில் ஓர் அடிமட்டத்தைப் பிடித்து அளந்தால் என்ன வருமோ, அந்த அளவு. ஆள் கமராவிலிருந்து 2 மீட்டரில் நிற்கிறார், மதில் அவருக்குப் பின்னால் அரை மீட்டரில் இருக்கிறது என்றால், துளையின் ஐந்தில் ஒரு பங்குதான் பயன்படுகிறது. 28 மி.மீ. துளை வெறும் 5 அல்லது 6 மி.மீ. வட்டமாகச் சுருங்கிவிடும். அதே ஆள் அதே 2 மீட்டரில் நிற்க, பின்னணி அவரைவிட்டு 2 மீட்டர் தள்ளிப் போனால் பாதிப் பங்கு கிடைக்கும். 8 மீட்டர் போனால் ஐந்தில் நான்கு பங்கு. 18 மீட்டர் போனால் பத்தில் ஒன்பது.

இந்த எண்களைக் கவனித்தால் ஒரு விஷயம் புலப்படும். முதல் சில மீட்டர்களில் மங்கல் மளமளவென்று கூடுகிறது; பிறகு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஆகவே கைவசம் வைத்துக்கொள்ளவேண்டிய அளவு இது: கமராவுக்கும் ஆளுக்கும் இடையில் எவ்வளவு தூரமோ, ஆளுக்குப் பின்னால் அதைப்போல நான்கு மடங்கு வெளி இருக்கட்டும். இரண்டு மீட்டரில் நின்று எடுத்தால் பின்னால் எட்டு மீட்டர். அதற்கு மேல் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் கவலைப்படத் தேவையில்லை.

இன்னொன்றும் இந்தக் கணக்கிலிருந்து வருகிறது. 10 மி.மீ. வட்டம், தலையும் தோளும் மட்டும் அடங்கும் 40 செ.மீ. அகலச் சட்டத்தில் நன்றாகத் தெரியும். அதே வட்டம் முழு உருவப் படத்தில், சட்டத்தின் அகலம் 130 செ.மீ. ஆகும்போது, கண்ணுக்கே படாது. கிட் லென்ஸ் மட்டும் வைத்திருப்பவர்கள் முகத்தைக் கிட்டப் போய் எடுங்கள். கிட் லென்ஸில் எடுத்த முகப் படத்தில் இருக்கும் மங்கல், 50 மி.மீ. எஃப் 1.8இல் எடுத்த முழு உருவப் படத்தில் இருக்கும் மங்கலுக்கு ஏறத்தாழச் சமம்.

கமராவைத் தயார்செய்தல்

பச்சை ஓட்டோ மோடிலிருந்து முதலில் வெளியே வாருங்கள். அந்த மோடில் அப்பெர்ச்சரைக் கமராவே தீர்மானிக்கும். வெயிலில் பெரும்பாலும் எஃப் 8 போன்ற இடத்துக்குப் போய்விடும். கெனனில் ஏவி, நிக்கோனிலும் சோனியிலும் ஏ என்று எழுதியிருக்கும் இடத்துக்குச் சில்லைத் திருப்புங்கள். இப்போது அப்பெர்ச்சர் உங்கள் கையில், ஷட்டர் வேகம், அதாவது வெளிச்சம் உள்ளே விழும் நேரம், கமராவின் பொறுப்பில்.

எஃப் எண்ணை லென்ஸ் இறங்கும் அளவுக்கு இறக்குங்கள். ஜூம் லென்ஸாக இருந்தால் முதலில் நீண்ட முனைக்குத் தள்ளிவிட்டு எண்ணை இறக்க வேண்டும். முதலில் எண்ணை இறக்கிப் பிறகு ஜூம் செய்தால் எண் தானாகவே மேலே ஏறும். அதைப் பழுது என்று நினைக்க வேண்டாம்.

ஐஎஸ்ஓ, அதாவது கமரா வெளிச்சத்தை உணரும் அளவு, வெயிலில் 100. மர நிழலில் 200 அல்லது 400. ஓட்டோ ஐஎஸ்ஓ வைத்திருந்தால் அதன் உள்ளே குறைந்தபட்ச ஷட்டர் வேகம் என்று ஒரு தெரிவு பல கமராக்களில் இருக்கும். அதை 1/200 ஆக்கிவிடுங்கள். நின்று தரும் ஆளுக்கு 1/200 போதும், ஓடித் திரியும் பிள்ளைக்கு 1/500 வேண்டும், 250 மி.மீ.க்கு நீட்டிய லென்ஸுக்கு 1/400க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. லென்ஸில் நடுக்கம் தடுக்கும் வசதி இருந்தால் உங்கள் கை நடுக்கத்தை அது சமாளிக்கும். எதிரே நிற்பவர் அசைவதை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

பிறகு ஃபோகஸ். எல்லாப் புள்ளிகளையும் கமரா தானே தேர்ந்தெடுக்கும் நிலையில் விட்டால், அது பெரும்பாலும் கிட்ட உள்ளதைப் பிடிக்கும்: மூக்கு, கையில் உள்ள பூத்தட்டு, முன்னால் தொங்கும் இலை. ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி, அந்தப் புள்ளியை ஆளின் கிட்டிய கண்ணின்மேல் வையுங்கள். கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் வசதியுள்ள மிரர்லெஸ் கமரா என்றால் அதை நம்பலாம். கண்ணாடி போட்டவர்களிடமும், முகத்தில் முடி விழுந்தவர்களிடமும் மட்டும் ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள்.

கூர்மை தவறும் இடம்

பின்னணி கரைந்து கண்ணும் கரைந்துவிட்டால் அந்தப் படத்தால் பயனில்லை. அதனால் இந்தப் பகுதியை அவசரப்படாமல் வாசியுங்கள்.

ஏபிஎஸ்-சி எனும், ஆரம்பநிலைக் கமராக்களில் சாதாரணமாக இருக்கும் அளவு சென்சர் உள்ள கமராவில், 50 மி.மீ. எஃப் 1.8இல், 2 மீட்டர் தூரத்து ஆளிடம் கூர்மையாக வரும் ஆழம் முன்னும் பின்னும் சேர்த்து ஏறத்தாழ 11 செ.மீ. 1.5 மீட்டருக்கு வந்தால் 6 செ.மீ. ஒரு மீட்டருக்கு வந்தால் 3 செ.மீ. கூட இல்லை. முகத்தைச் சற்றுத் திருப்பி வைத்தவரின் ஒரு கண் கூர்மையாகவும் மற்றக் கண் மங்கலாகவும் வருவதற்குக் காரணம் இதுதான். லென்ஸில் குறை இல்லை. இரண்டு கண்ணும் வேண்டும் என்றால் முகத்தைக் கமராவுக்கு நேராகத் திருப்பச் சொல்லுங்கள், அல்லது எஃப் 2.8க்குப் போங்கள்.

நடுப் புள்ளியால் கண்ணைப் பிடித்து, பொத்தானைப் பாதி அழுத்தியபடியே கமராவைத் திருப்பிச் சட்டத்தைச் சரிசெய்வது பலரின் பழக்கம். எஃப் 5.6இல் அதனால் பாதகம் இல்லை. எஃப் 1.8இல் ஒரு மீட்டரில் வைத்துக் கமராவை 10 பாகை திருப்பினால், கூர்மையான தளம் கண்ணுக்குப் பின்னால் 1.5 செ.மீ. நகர்ந்துவிடும். அந்தத் தூரத்தில் நமக்குள்ள இடமே ஒவ்வொரு பக்கமும் அவ்வளவு இல்லை. காது கூர்மையாக இருக்கும், கண் இருக்காது. புள்ளியையே கண் இருக்கும் இடத்துக்கு நகர்த்துவதுதான் சரியான வழி.

ஆள் நிற்கும்போதும் அசைவார். மூச்சு விடுவதிலும் சிரிப்பதிலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் முன்பின் போவது சாதாரணம். எடுப்பவரும் அசைவார், குனிந்து நின்று எடுத்தால் இன்னும் அதிகம். ஃபோகஸ் பிடித்த கணத்துக்கும் அழுத்தும் கணத்துக்கும் இடையில் நேரம் போகவிடாமல், மூன்று நான்கு படங்களைத் தொடராக எடுங்கள். ஒன்றாவது கண்ணில் விழும். எடுத்ததும் திரையில் முழுப் படத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடக் கூடாது. சிறிய திரையில் எல்லாமே கூர்மையாகத்தான் தெரியும். கண்வரை பெரிதாக்கிப் பாருங்கள்.

கண் தவறும்போது எது கூர்மையாக வந்தது என்று கவனித்தால் காரணம் தெரிந்துவிடும். மூக்கு தெளிவு என்றால் ஃபோகஸ் முன்னால் விழுந்திருக்கிறது. காதும் முடியும் தெளிவு என்றால் பின்னால். முகம் முழுவதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அது ஃபோகஸ் குறையல்ல, ஷட்டர் வேகம் போதவில்லை. டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கு எப்போதும் ஒரே பக்கமாகவே தவறிக்கொண்டிருந்தால், லைவ் வியூவில் திரையைப் பார்த்து ஒரு படம், கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரத்தால் ஒரு படம் என்று எடுத்து ஒப்பிடுங்கள். லைவ் வியூவில் சரியாக வந்து மற்றதில் தவறினால், கமராவுக்கும் லென்ஸுக்கும் இடையே சீராக்கம் தேவை என்று பொருள். அதுவரை லைவ் வியூவில் எடுக்கலாம்.

இரண்டு பேரை எடுக்கும்போது இருவரின் முகமும் கமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கட்டும். ஒருவர் அரை அடி பின்னால் நின்றால் அவர் பின்னணியோடு சேர்ந்துவிடுவார். 2.5 மீட்டரில் எஃப் 2.8 என்றால் 25 செ.மீ. அளவு ஆழம் கிடைக்கும், சோடிக்குப் போதும். குடும்பமாக இரண்டு வரிசையில் நின்றால் எஃப் 4, 3 மீட்டர், அரை மீட்டருக்குச் சற்று மேலான ஆழம். மங்கலின் ஆசையில் குடும்பப் படத்தை 1.8இல் எடுத்து அம்மம்மாவின் முகத்தை இழந்துவிட வேண்டாம். எஃப் 4இல் இழந்த மங்கலைப் பின்னணியைத் தள்ளி வைத்துத்தான் மீட்க வேண்டும்.

இடமும் நேரமும்

கிழக்குக் கரையில் சூரியன் கடலில் எழுந்து வாவிக்கும் வயலுக்கும் அப்பால் விழுகிறது. இதை மனதில் வைத்துத்தான் ஆளை நிறுத்த வேண்டும். கல்லடிக் கடற்கரையிலோ பாசிக்குடாவிலோ காலை 6.30க்குக் கடலைப் பின்னணியாக வைத்தால் சூரியன் ஆளின் முதுகுப் பக்கம் இருக்கும். முடியின் ஓரம் பொன்னாக மின்னும், முகம் இருண்டுவிடும். வெளிச்சத் திருத்தத்தை (படத்தைக் கமரா கணிப்பதைவிடப் பிரகாசமாக்கும் தெரிவு) +1 வைத்து, ஃபோகஸ் பிடிக்கும்போது சூரியன் நேராக லென்ஸுக்குள் விழாமல் கொஞ்சம் விலகி நில்லுங்கள். முகத்தில் காலை வெளிச்சம் விழ வேண்டும் என்றால் ஆள் கடலைப் பார்த்து நிற்கட்டும். சவுக்கு மரங்களோ தென்னைகளோ தூரத்தில் பின்னணியாகட்டும். பின்னேரம் நாலரைக்குப் பிறகு எல்லாம் மறுபக்கமாகும்: கடலைப் பின்னால் வைத்தால் முகத்தில் இளவெயில்.

நடுப்பகல் வெயிலில் எஃப் 1.8 என்பது வேறு ஒரு சிக்கல். ஐஎஸ்ஓ 100இல் அந்த அப்பெர்ச்சருக்கு 1/8000 அளவு ஷட்டர் வேகம் தேவைப்படும். ஆரம்பநிலைக் கமராக்கள் பலவற்றின் உச்சம் 1/4000. அதற்கு மேல் போக முடியாமல் எண் மினுங்கும். படம் வெளிறி வரும். வெண்மணலின் பிரதிபலிப்பு இருக்கும் பாசிக்குடாவில் இது நிச்சயம் நடக்கும். எஃப் 2.8க்கு ஏறினால் 1/3200 அளவில் அடங்கிவிடும். 1.8தான் வேண்டும் என்றால் லென்ஸின் முன்னால் என்டி8 ஃபில்டர் ஒன்றைப் போடுங்கள். அது வெளிச்சத்தை எட்டில் ஒன்றாக்கும். கமராவின் தலையில் உள்ள சின்ன ஃப்ளாஷைத் திறந்து சமாளிக்கப் பார்க்க வேண்டாம். ஃப்ளாஷ் திறந்தவுடன் ஷட்டர் வேகம் 1/200 பக்கம் பூட்டப்பட்டுவிடும், படம் இன்னும் வெளிறும். எல்லாவற்றிலும் நல்லது, ஆளைப் பெரிய மரத்தின் முழு நிழலுக்குள் கொண்டுபோவது. இலைகளுக்கு இடையே புள்ளி வெயில் விழும் நிழல் கூடாது. அது முகத்தைத் திட்டுத்திட்டாக்கும்.

பின்னணியைத் தேர்வதுதான் இந்தக் கலையின் பாதி. மங்கிய பின்னணியிலும் கோடும் நிறமும் மிஞ்சும். கடல் எவ்வளவு கரைந்தாலும் அடிவானக் கோடு கரையாது. அது கழுத்தின் குறுக்கே போனால் படம் கெட்டுவிடும். சற்றுக் குனிந்து எடுத்தால் கோடு தோளுக்குக் கீழே இறங்கும். மணல்மேட்டில் ஏறி எடுத்தால் தலைக்கு மேலே போகும். தென்னோலைக்கு இடையால் வானம் தெரியும் பின்னணி கரைவதற்குப் பதில் கொதித்துக்கொண்டிருப்பதுபோல் தெரியும். ஒவ்வொரு வெளிச்சத் துண்டும் ஒரு வெள்ளை வட்டமாகி ஆளோடு போட்டிபோடும். சிவப்புக் கதிரை ஒன்று பின்னால் இருந்தால், கரைந்த பிறகும் அது சிவப்புப் புள்ளியாகக் கண்ணை இழுக்கும். எடுத்து அப்புறப்படுத்திவிட்டு எடுங்கள்.

வயல் என்றால் நிறம் காலத்தோடு மாறும். பெரும்போகத்தில் மார்கழி, தை மாதங்களில் சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து வயல்கள் முழுப் பச்சை. அறுவடை நெருங்க மஞ்சள். வரம்பில் ஆளை நிறுத்தி எடுக்கும்போது கமராவின் உயரத்தைக் கவனியுங்கள். ஆளின் கண்மட்டத்தில் அல்லது சற்று மேலே வைத்தால் பின்னால் வயல் விரியும். இடுப்பு மட்டத்துக்கு இறக்கினால் வயல் மெலிந்து வானம் கூடும். மிகவும் மேலே ஏற்றிக் கீழ்நோக்கிப் பிடித்தால் ஆளுக்குப் பின்னால் இருப்பது தூரத்து வயல் அல்ல, காலடி நிலம். நிலம் கிட்ட இருப்பதால் மங்காது. முழு உருவப் படத்தில் கால் பக்கம் தரை கூர்மையாகவே வருவதும் இதனால்தான். அதைக் குறை என்று எண்ண வேண்டாம்.

மட்டக்களப்புக் கோட்டைச் சுவர் போன்ற பழைய கற்சுவர்களைக் கண்டால் ஆளைச் சாய்ந்து நிற்கச் சொல்லும் ஆசை வரும். சாய்ந்தால் மங்கல் இல்லை. சுவரைவிட்டு ஐந்தாறு மீட்டர் முன்னால் நிறுத்தி, நீங்கள் ஒன்றரை மீட்டரில் நின்று எடுத்தால் கல்லின் நிறமும் பழமையும் மிஞ்சும், வெடிப்பும் பாசியும் கரையும். சுவருக்குப் பக்கவாட்டில் நின்று, சுவர் நெடுகப் பின்னால் ஓடுமாறு எடுப்பது இன்னொரு வழி; இடம் குறுகலான வளவுகளுக்கு மிகவும் ஏற்றது.

இரவு விளக்குகளை வட்டங்களாக்க வாவிக்கரை உகந்த இடம். கல்லடிப் பாலத்து விளக்குகள் தூரத்தில் பின்னால் இருக்க, ஆளை 2 மீட்டரில் நிறுத்தி 50 மி.மீ. எஃப் 1.8இல் எடுத்தால் ஒவ்வொரு விளக்கும் ஏறத்தாழ 28 மி.மீ. வட்டமாகும், அதாவது ஆளின் கண்ணின் அகலமளவு. கிட் லென்ஸில் அது விரல் நகமளவு. ஐஎஸ்ஓ 1600 முதல் 3200, ஷட்டர் 1/125. முகத்துக்கென்று தனியே வெளிச்சம் வேண்டும். போன் டோர்ச்சை நேராக முகத்தில் அடிக்காமல் ஒரு வெள்ளைத் தாளில் பட்டுத் திரும்பச் செய்யுங்கள். வட்டங்கள் சட்டத்தின் ஓரத்தில் எலுமிச்சம்பழ வடிவில் சப்பளிந்து வருவது இயல்பு, எஃப் 2.8க்குப் போனால் ஓரளவு உருண்டையாகும். இன்னும் மூடினால் அப்பெர்ச்சர் தகடுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப அவை பல்கோணமாகத் தெரியத் தொடங்கும்.

கடற்கரையில் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உப்புக்காற்று அரை மணித்தியாலத்திலேயே லென்ஸின் முகப்பில் படிந்துவிடும். ஏசி போட்ட வாகனத்திலிருந்து இறங்கியவுடன் லென்ஸ் வியர்க்கும். இரண்டும் படம் முழுவதையும் பால்போல் மங்கச் செய்யும். பலர் அதை ஃபோகஸ் கோளாறு என்று நினைத்துக் கமராவைக் குடைவார்கள். வியர்த்த லென்ஸைத் துடைக்காமல் பைக்குள் வைத்தபடியே கால் மணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழகவிடுங்கள். உப்பை ஊதிவிட்டுப் பிறகு மெதுவாகத் துடையுங்கள்.

நீள லென்ஸும் கிட்டப் படமும்

50 மி.மீ. வாங்க வசதியில்லாமல் 55-250 போன்ற ஒன்று வீட்டில் இருந்தால் கவலையே வேண்டாம். 250க்கு நீட்டித் தலை-தோள் படம் எடுக்க ஆறேழு மீட்டர் பின்னால் போக வேண்டும். நான்கு மடங்குக் கணக்குப்படி ஆளுக்குப் பின்னால் 27 மீட்டர் தேவை. அது கடற்கரையில் இருக்கும், வளவில் இராது. ஆனால் துளை பெரிதென்பதால் பத்து மீட்டர் வெளி இருந்தாலே 50 மி.மீ. எஃப் 1.8க்குச் சமமான மங்கல் வந்துவிடும். பின்னணியின் மிகச் சிறிய துண்டுதான் சட்டத்துக்குள் வரும் என்பது இன்னொரு நன்மை. ஓரடி இடம் வலம் நகர்ந்தாலே பின்னணி அடியோடு மாறும். கரண்ட் கம்பத்தை ஒதுக்கிப் பச்சையை மட்டும் எடுக்க இதைவிட நல்ல கருவி இல்லை. ஆளோடு பேச முடியாத தூரம் என்பதுதான் குறை. என்ன செய்யவேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பின்னால் போங்கள்.

கிட்டத்தில் எடுக்கும் பொருட்களுக்கு எதிர்மாறான சிக்கல். மருதமுனைக் கைத்தறியில் நெய்யும் நூலை 50 மி.மீ. லென்ஸால் 35 செ.மீ.இல், எஃப் 1.8இல் எடுத்தால் கூர்மையாக வரும் ஆழம் 3 மி.மீ. மட்டும். ஒரு நூல் தெரியும், அடுத்தது கரைந்துவிடும். எஃப் 5.6க்கு மூடினால் 9 மி.மீ. கிடைக்கும், பின்னணி அப்போதும் தாராளமாகக் கரைந்தே இருக்கும். பூ, பூச்சி, சாப்பாட்டுத் தட்டு எல்லாவற்றுக்கும் இதே விதி: கிட்டப் போகப் போக அப்பெர்ச்சரை மூடிக்கொண்டே போங்கள்.

கை பழக, வீட்டிலேயே ஒரு பயிற்சி. தயிர்ச் சட்டி ஒன்றை முக்காலியில் வைத்து, முதலில் மதிலுக்கு ஒட்டினாற்போல் நிறுத்தி, கிட் லென்ஸை 18இல் வைத்து எஃப் 3.5இல் ஒரு படம். அடுத்து 55இல் எஃப் 5.6, சட்டி முன்பு வந்த அதே அளவில் வருமாறு பின்னால் போய் எடுங்கள். மூன்றாவதாக, முக்காலியை மதிலைவிட்டு நான்கு மீட்டர் முன்னால் இழுத்து அதே 55. நான்காவதாக, லென்ஸ் ஃபோகஸ் பிடிக்கும் கடைசி எல்லைவரை சட்டிக்குக் கிட்டப் போய் ஒன்று. நான்கையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், எந்த அசைவுக்கு எவ்வளவு பலன் என்பது கண்ணுக்குத் தெரியும்.

போனால் எடுப்பவர்களுக்கு

போனின் பிரதான லென்ஸில் துளை மூன்று நான்கு மி.மீ. அளவே. ஆகவே ஆள் படத்தில் தெரியும் மங்கலில் பெரும்பகுதி போன் கணக்குப் போட்டு வரைவது. போர்ட்ரெயிட் மோட் ஆளின் ஓரத்தை வெட்டி எடுத்துப் பின்னணியை மட்டும் மங்கச் செய்கிறது. தவறு நடப்பது ஓரங்களில்தான்: பறக்கும் முடி, கண்ணாடியின் காது, தொங்கும் தோடு, இடுப்பில் வைத்த கைக்கும் உடலுக்கும் இடையில் உள்ள வெளி. முடியை ஒதுக்கி, கைகளை உடலோடு சேர்த்து வைத்து, உடுப்பின் நிறத்துக்கு மாறான பின்னணியில் நிறுத்தினால் வெட்டு சுத்தமாக வரும். ஆள் ஒன்றரை மீட்டர் முதல் இரண்டரை மீட்டருக்குள் நிற்கட்டும். இங்கேயும் பின்னணி தூரத்தில் இருந்தால்தான் வெட்டுக்குறை மறையும்.

மங்கலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடரை உச்சத்தில் வைப்பதே வழக்கமாகிவிட்டது. எஃப் 1.4 என்று காட்டும் இடத்தைவிட 4 பக்கம் வைத்தால் ஓரப் பிழைகள் வெகுவாகக் குறைந்து, படம் நம்பும்படி இருக்கும். பெரும்பாலான போன்களில் எடுத்த பிறகும் கலரியில் போய் இதை மாற்றலாம்.

இரண்டு அல்லது மூன்று மடங்கு ஜூமுக்குத் தனி லென்ஸ் இருந்தால் முகத்துக்கு அதையே பயன்படுத்துங்கள். ஆனால் இருட்டிலும் மிகக் கிட்டத்திலும் பல போன்கள் சொல்லாமல் பிரதான லென்ஸுக்கே மாறி, அதன் படத்தை வெட்டிப் பெரிதாக்கித் தரும். சோதிக்க, பிரதான லென்ஸை விரலால் மூடுங்கள். திரை இருண்டால் நீங்கள் நினைத்த லென்ஸ் வேலை செய்யவில்லை. பூ, சங்கு, மோதிரம் போன்ற சிறு பொருட்களுக்குப் போர்ட்ரெயிட் மோடே வேண்டாம். சாதாரண மோடில் பிரதான லென்ஸால் அது ஃபோகஸ் பிடிக்கும் எல்லைவரை கிட்டப் போனால் லென்ஸே உண்மையான மங்கலைத் தரும். அதில் ஓரப் பிழை இராது.

லென்ஸ் வாங்குவதானால்

தூரத்தையும் ஃபோகஸையும் கையாளப் பழகியபின் 50 மி.மீ. எஃப் 1.8 வாங்குங்கள். கெனன், நிக்கோன், சோனி எல்லாவற்றுக்கும் இது விலை குறைந்த லென்ஸ்களில் ஒன்று. பாவித்ததை வாங்குவோர் நிக்கோனில் மட்டும் ஒரு விஷயத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். டி3500, டி5600 போன்ற கமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டர் கிடையாது. பழைய ஏஎஃப் 50 மி.மீ. 1.8டி லென்ஸ் அவற்றில் பொருந்தும், படமும் எடுக்கும், ஆனால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். உள்ளேயே மோட்டர் உள்ள ஏஎஃப்-எஸ் வகையைக் கேளுங்கள்.

கடையிலோ வீட்டிலோ வைத்துப் பார்க்கும்போது போன் டோர்ச்சை லென்ஸின் பின்பக்கத்தால் அடித்து முன்பக்கத்தால் பாருங்கள். சிலந்தி நூல்போல் கிளைவிட்டுத் தெரிந்தால் அது பூஞ்சை. இங்கத்தைய ஈரக் காற்றில் அது இன்னும் வளரும். எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம். இரண்டொரு தூசுத் துணிக்கை படத்தில் தெரியாது. பிறகு உங்கள் கமராவிலேயே மாட்டி, எஃப் 1.8இலும் எஃப் 8இலும் இரண்டு படம் எடுங்கள். எஃப் 8இல் எடுத்தது மட்டும் வெளிறி வந்தால் அப்பெர்ச்சர் தகடுகள் எண்ணெய் பிடித்து ஒட்டியிருக்கக்கூடும். கடைசியாக, ஒரு மீட்டரில் நிற்பவரின் கண்ணில் 1.8இல் ஐந்தாறு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.